கடப்பாரைச் சூடு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் கடைசியில் நான் தீயணைப்பு வீரன். பேரிகை என்ற ஊர்ப் பக்கம் ஒரு ராகி வைக்கோல் போர் பற்றிக்கொண்டது. தண்ணீர் அடித்தோம், புகை நின்றது. குழாயைச் சுருட்டச் சொன்னேன்.

போருக்குச் சொந்தக்கார அம்மாள் வழிமறித்தார்.

"உள்ள இன்னும் நெருப்பு கனியுது சார். பக்கத்துலயே மாட்டுக் கொட்டாய் இருக்குது."

"தீயைப் பத்தி எனக்கே சொல்லித் தர்றியா?" என்று அதட்டினேன்.

அவர் ஒரு கடப்பாரையைப் போருக்குள் ஆழச் செருகி, சற்றுப் பொறுத்து உருவினார்.

"தொட்டுப் பாருங்க."

தொட்டேன். விரல் பொசுங்கிவிட்டது. அவசரமாகப் போரைப் பிரித்தோம். நடுவில் கங்கு செக்கச்செவேலென்று கிடந்தது.

மேலே அணைந்தாலும் வைக்கோல் உள்ளே கனலும் என்று பயிற்சித் தேர்வில் எழுதி, முழு மதிப்பெண் வாங்கியவன் நான். அந்த அம்மாள் என் விரலில் மோர் ஊற்றியபோது அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.