டாலாவுக்குத் துப்பாக்கியோடு போன வருடங்கள்

என் தோழி செத்துக் கிடந்த வரப்பு வழியாகத்தான் அடுத்த மாதத்திலிருந்து நான் பிரசவம் பார்க்கப் போக வேண்டியிருந்தது.

ரங்கூனில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நாங்கள் இருவரும் ஒன்றாக மருத்துவச்சி வேலை கற்றவர்கள். ஆற்றுக்கு இக்கரையில் கூலிக்காரர்கள் குடியிருந்த லைன்கள் என் பங்கு. அக்கரையில் டாலாவும் அதைச் சுற்றிய குடிசைகளும் அவள் பங்கு. ஒரு மழைக்கால மாலையில் அவள் படகுத்துறைக்குத் திரும்பவில்லை. மறுநாள் நாற்று நடப் போன பெண்கள்தான் அவளைக் கண்டார்கள். கழுத்தில் வெட்டு. சங்கிலியைக் காணோம். பிரசவப் பை மட்டும் மூடியது மூடியபடி பக்கத்தில் இருந்தது. செய்தவன் யார் என்று கடைசிவரை தெரியவில்லை.

அவளுக்குப் பதிலாக அக்கரைக்குப் போக ஆள் கிடைக்கவில்லை. அங்கே பிள்ளைகள் பிறப்பதும் நிற்கவில்லை.

"நீ போக வேணாம்" என்றார் என் கணவர். துறைமுக ஆபீசில் குமாஸ்தா. குரல் உயர்த்தாத மனிதர். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். இரண்டு நாள் கழித்து அவரே வந்து, "போறதுன்னா வெறுங்கையோட போகாதே. லைசென்சுக்கு எழுதிப் போடுவோம்" என்றார்.

போலீஸ் ஆபீசில் இருந்த அதிகாரி என் மனுவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். மருத்துவச்சிக்குத் துப்பாக்கி எதற்கு என்று கேட்டார். "வீட்டுக்குத் திரும்பி வர" என்றேன். அவர் முத்திரை குத்திக் கொடுத்தார்.

துப்பாக்கிக் கடை ரங்கூனின் நடுவே கியாக்டடாவில், வங்கிகள் இருந்த தெருவில். கடைக்காரர் ஒரு பார்சி. என்னைப் பார்த்ததும் உள்ளங்கையில் அடங்குகிற ஒன்றை எடுத்து வைத்தார். பிடியில் முத்துச்சிப்பி பதித்திருந்தது, நகைப் பெட்டியிலிருந்து எடுத்ததுபோல. பெண்கள் இதைத்தான் விரும்பி வாங்குவார்கள் என்றார், இந்துஸ்தானியில்.

"இது ஒருத்தனை நிறுத்துமா?" என்று கேட்டேன்.

அவர் அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். அடுத்து பட்டாளத்துக்காரர்களின் ரிவால்வர் ஒன்று வந்தது. தூக்கிப் பிடித்ததும் கனத்தில் என் மணிக்கட்டு தாழ்ந்தது. மூன்றாவதாக வந்தது நடுத்தரமான ரிவால்வர். தோட்டாவைத் தட்டுகிற சுத்தியல் வெளியே தெரியாமல் உள்ளுக்குள் மறைந்திருந்தது. உருவும்போது சேலையில் சிக்காது. ஆனால் விசையை இழுக்க விரல் வலித்தது.

"விசை கடினமா இருக்கிறதே நல்லதும்மா. பயத்துல விரல் தானா இழுத்துடாது" என்றார்.

கடைக்குப் பின்னால் மண்மூட்டை அடுக்கிய கொட்டகையில் சில வாரங்கள் சுட்டுப் பழகினேன். முதல் வெடியில் காதுக்குள் நீண்ட நேரம் ஒரு கம்பி அதிர்ந்தது. என் குறி சுமாராகத் தேறியபோது அவர் சொன்னார்: "எதிர்ல நிக்கிறவனை மட்டும் பார்க்காதீங்க. அவனுக்குப் பின்னால யாரு இருக்காங்கன்னு பாருங்க. குண்டு அவனோட நின்னுடாது."

எங்கே வைத்துக்கொள்வது என்பதுதான் பெரிய கேள்வியாக இருந்தது. பையில் வைக்க முடியாது. பிரசவ வீட்டில் அந்தப் பை திறந்தே கிடக்கும். வீட்டுப் பிள்ளைகள் கைவிட்டுத் துழாவும். கித்தானில் ஓர் உறை தைத்து, அகலமான பெல்ட்டில் கோத்து, சேலைக்குள் இடுப்போடு கட்டிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் தோட்டாக்களை எடுத்துவிட்டு இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுவேன். எங்களுக்கும் இரண்டு பிள்ளைகள். பெட்டிச் சாவி என் கழுத்தை விட்டு இறங்காது.

துப்பாக்கி இருந்தால் பயம் குறையும் என்று நினைத்திருந்தேன். அந்த வரப்பில் நடக்கும்போது எனக்குப் பின்னால் இன்னொருத்தி நடந்து வந்தாள். வெறும் சத்தம்தான். ஈர மண்ணில் செருப்பு ஒட்டிப் பிரிகிற சத்தம். நான் நின்றால் அதுவும் நிற்கும். என் தோழிக்கு அடிக்கடி தொண்டையைச் செருமும் வழக்கம் உண்டு. சில நாள் அதுவும் கேட்டது. திரும்பிப் பார்த்தால் நாற்றும் தண்ணீரும் கொக்குகளும்தான். அவள் கிடந்த இடத்தில் மட்டும் புல் அடர்த்தியாக வளர்ந்திருந்ததாக எனக்குத் தோன்றும். அதை மிதிக்காமல் எட்டி வைத்துத் தாண்டுவேன். வீட்டில் பெல்ட்டை அவிழ்த்த பிறகும் இடுப்பில் அந்தக் கனம் இருந்துகொண்டே இருந்தது. தூக்கத்தில் நான் இடுப்பைத் தொட்டுப் பார்ப்பதாக என் கணவர் சொன்னார்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு பிற்பகல் அவன் வந்தான். வரப்பு திரும்புகிற இடத்தில் குந்தியிருந்தவன் எழுந்து வழியை மறித்தான். கைலியை மடித்துக் கட்டியிருந்தான். கையில் நீண்ட வெட்டுக்கத்தி. வயது அதிகம் இருக்காது. இடது கண் இமை பாதி சரிந்த முகம்.

"பையை வை, சயாமா" என்றான். மருத்துவச்சிகளையும் வாத்தியாரம்மாக்களையும் பர்மியர் அப்படித்தான் மரியாதையாக அழைப்பார்கள். மரியாதை குறையாமல்தான் கேட்டான்.

நான் பின்னால் நகர்ந்து ரிவால்வரை எடுத்து இரண்டு கையாலும் பிடித்தேன். விரலை விசையில் வைக்கவில்லை. அப்போதுதான் அவனுக்குப் பின்னால் பார்த்தேன். வயலில் பெண்கள் குனிந்து நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள், அவன் தோளுக்கு நேராக. வரப்பில் விலக இடமில்லை. பக்கத்து வயலில் இறங்கினேன். சேறு முழங்காலுக்கு ஏறியது. இப்போது அவனுக்குப் பின்னால் ஆறு மட்டும்தான் இருந்தது.

"போயிடு" என்றேன். என் பர்மியம் அந்த நேரத்தில் அவ்வளவுதான் வந்தது.

அவன் துப்பாக்கியைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். என் விரல் விசைக்குப் போனது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கத்தியைத் தாழ்த்தினான். நான் விட்டுக்கொடுத்த வரப்பில் மெதுவாக நடந்து, என்னைக் கடந்து போய்விட்டான். அவன் புள்ளியாகும்வரை சேற்றிலேயே நின்றேன். பிறகு படகுத்துறைச் சாவடியில் போலீஸ்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். சரிந்த இமையைப் பற்றியும் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

அறுவடை முடிந்து பனி விழத் தொடங்கியபோது அக்கரையிலிருந்து ஒரு கிழவி வந்து கூப்பிட்டாள். மருமகளுக்குத் தலைப்பிரசவம், வலி கண்டு வெகுநேரமாகிறது. நான் போனேன். குடிசை வாசலில் மூங்கில் ஏணியைப் பிடித்தபடி நின்றவன் திரும்பினான். அதே இமை.

இரண்டு பேரும் அசையவில்லை. கிழவி எங்களை மாறி மாறிப் பார்த்தாள். உள்ளே அந்தப் பெண் கத்தினாள். அது களைத்துப்போனவளின் கத்தல். அதற்கு மேல் அதிக நேரம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

"வெந்நீர் வேணும்" என்று அவனிடம் சொல்லிவிட்டு ஏறினேன்.

பிள்ளை கால் முன்னால் வந்துகொண்டிருந்தது. குனியும்போதெல்லாம் ரிவால்வர் விலாவில் குத்தியது. அவிழ்த்து வைக்க அந்த வீட்டில் இடம் ஏது? கட்டிக்கொண்டே வேலை செய்தேன். அவன் வெந்நீர்ப் பானையை வாசற்படியில் வைத்துவிட்டு, நான் பார்க்கும்படி இரண்டு கைகளையும் விரித்துக் காட்டி, பின்னால் போனான். ஒவ்வொரு முறையும் அப்படித்தான் செய்தான். மத்தியானத்துக்கு மேல் பிள்ளை வந்தது. பெண். நீலம் பாரித்திருந்தது. முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் அழுதது.

நான் புறப்பட்டபோது அவன் எழுந்தான். "நான் முன்னால போறேன், சயாமா. நீங்க பின்னால வாங்க."

முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தான். என் கை சேலை மடிப்பில் இருப்பதை அறிந்தே நடந்தான். புல் அடர்ந்த அந்த இடத்தில் நான் நின்றேன். அவனும் திரும்பாமல் நின்றான்.

"இங்க ஒரு சயாமாவை வெட்டினாங்க. என் சிநேகிதி" என்றேன்.

"தெரியும்."

"நீயா?"

"இல்லை" என்றான். பிறகு, "அந்த சயாமாவும் எங்க ஊருக்கு வந்திருக்காங்க. எல்லாருக்கும் அவங்களைத் தெரியும்" என்றான். வெட்டியது யார் என்று கேட்டேன். அதற்குத் தலையை மட்டும் ஆட்டினான். அது மறுப்பா, தெரியும் ஆனால் சொல்ல மாட்டேன் என்பதா, முதுகை வைத்து எப்படித் தெரிந்துகொள்வது?

படகு நடு ஆற்றுக்கு வந்தபோதும் அவன் துறையிலேயே நின்றிருந்தான். வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நாளைக்கே சாவடியில சொல்லிடணும்" என்றார் கணவர்.

"தையல் போட்டிருக்கேன். அவளுக்குக் கஞ்சி வைக்க அவனும் அந்தக் கிழவியும்தான் இருக்காங்க. நாள் கழியட்டும்."

அவர் வற்புறுத்தவில்லை. நாள் கழிந்தும் நான் சாவடிக்குப் போகவில்லை. நான் அதற்குப் பிறகும் டாலாவுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ரிவால்வரை மறுபடி உருவ நேரவில்லை. பின்னால் வருகிற செருப்புச் சத்தம் மட்டும் நான் ஆஸ்பத்திரிக்குள் மாற்றலாகும்வரை நிற்கவில்லை. மாற்றலானதும் துப்பாக்கியைப் போலீசில் ஒப்படைத்துவிட்டேன்.

நான் மாற்றலாவதற்கு முன்பே, அந்தப் பிரசவத்துக்கு அடுத்து வந்த வெயில்காலத் தொடக்கத்தில், அந்தப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மை குத்த இக்கரைக்கு வந்தாள். குழந்தை தேறியிருந்தது. என் விரலைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது. மாமியார் துணைக்கு வந்திருந்தாள். அவனைக் காணோம்.

"அவர் இப்ப ஊர்ல இல்லை" என்று நான் கேட்காமலே சொன்னாள் அந்தப் பெண். சொல்லிவிட்டு, குழந்தையின் கையை ஊசிக்காக நீட்டிப் பிடித்தாள்.