ஸ்டெல்லாவின் பச்சை ஸ்டிரிப்

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. அஞ்சாவதோடு நின்றவள். முன்னது பின்னதாகச் சொல்லிவிடுவேன், சிலது மறந்தும் போயிருக்கும். மன்னித்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், "நீங்க பட்டத எழுதுங்கம்மா, எங்கள மாதிரி ஆளுங்களுக்கு ஆவும்" என்றாள். அதனால்தான் எழுதுகிறேன்.

ஸ்டெல்லாவுக்கு ஐந்து வயது. என் தங்கை மகள் பெற்ற பிள்ளை. பிரசவத்திலேயே அவள் போய்விட்டாள், கைக்குழந்தை என்னிடம் வந்தது. யாராவது என்னைப் பாட்டி என்றால், "அம்மா" என்று இவளே திருத்துவாள். எங்கள் வீடு கோவிலம்பாக்கத்தில். மேடவாக்கத்தில் மூன்று ஃபிளாட்டுகளில் சமையல் வேலை பார்க்கிறேன்.

முதலில் கன்னம்தான் உப்பியது. தெருவே சந்தோஷப்பட்டது.

"இன்னாக்கா போடுற புள்ளைக்கு? தளதளன்னு கீது" என்றாள் எதிர்வீட்டு மேரி.

எனக்கும் பெருமைதான். கண் பட்டுவிடப் போகிறது என்று கன்னத்தில் மை வைத்துப் பள்ளிக்கு அனுப்பினேன். ஒருநாள் காலையில் இமை வீங்கி அவளால் கண்ணைத் திறக்க முடியவில்லை. செருப்பு காலில் நுழையவில்லை. என் பெருமை அன்றோடு போயிற்று.

தாம்பரத்தில் குழந்தைகள் டாக்டர் பார்த்துவிட்டு, நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் (சிறுநீரில் புரதம் ஒழுகி உடம்பு வீங்கும் நோய்) என்றார். ஸ்டீராய்டு மாத்திரை (ஒழுகுவதை நிறுத்தும் மருந்து) எழுதினார். உப்பைக் குறைக்கச் சொன்னார். தினமும் காலையில் முதல் சிறுநீரில் ஸ்டிரிப்பை (புரதம் இருந்தால் மஞ்சளிலிருந்து பச்சையாக மாறும் மெல்லிய பட்டை) நனைத்துப் பார்க்க வேண்டும். மஞ்சளாகவே இருந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம்.

பள்ளிக்கு இப்போதைக்கு வேண்டாம் என்றதால் வேலைக்குக் கூட்டிப்போனேன். மாத்திரையால் பசியோ பசி. ஃபிளாட் சமையலறையில் ஒரு மூலையில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"இவங்க சாம்பாருக்கு மட்டும் உப்பு போடுற?"

"இது அவங்க வூட்டு உப்பு."

"அப்ப கேட்டு கொஞ்சம் வாங்கினு வா."

வீக்கம் வடிந்தது. ஆனால் ஸ்டிரிப் மட்டும் தினமும் பச்சை. டாக்டரிடம் சொன்னேன். "இப்படியே இருந்தா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி பயாப்சி (சிறுநீரகத்தில் ஊசி செலுத்தித் துளி சதை எடுத்துப் பார்ப்பது) பண்ண வேண்டி வரும்" என்றார். இத்தனூண்டு இடுப்பில் ஊசியா? பஸ்ஸில் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு அழுதேன்.

அடுத்த முறை போனபோது நர்ஸ், "எப்படிப் பாக்குறீங்க, எங்கிட்ட செஞ்சு காட்டுங்க" என்றார். ஸ்டெல்லாவின் சிறுநீரில் நனைத்தேன், எடுத்து ஜன்னலோரம் வைத்தேன், போய் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"ஏம்மா உக்காந்துட்டீங்க?"

"வூட்ல அத வெச்சுட்டு லாரி தண்ணி புடிப்பேன். உலை வெப்பேன். அப்பால வந்து பாப்பேன்."

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டார். "அதுக்குள்ள கலரே கெட்டுப்போயிடும்மா. நனைச்சு ஒரு நிமிஷத்துல பாக்கணும். டாக்டர் சொல்லலியா?"

சொல்லியிருப்பார். என் காதில் வீக்கம் என்ற சொல்லைத் தவிர வேறெதுவும் அன்று ஏறவில்லை.

புது ஸ்டிரிப்பை நனைத்து, நர்ஸ் கடிகாரத்தைப் பார்க்க, நாங்கள் மூவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். மஞ்சள். லேபுக்கும் அனுப்பினார்கள். அங்கும் புரதம் இல்லை.

"பயாப்சி வேணாம்" என்றார் டாக்டர். "இவ நல்லாத்தான் இருக்கா. நீங்கதான் பேஷண்ட் மாதிரி இருக்கீங்க. போய் ஒரு டீ குடிங்க."

"எனக்கு பஜ்ஜி" என்றாள் ஸ்டெல்லா. பஜ்ஜியிலும் உப்பு உண்டு என்று டாக்டரே அவளுக்கு விளக்கவேண்டியதாயிற்று.

சளி, காய்ச்சல் வந்தால் நோய் திரும்பலாமாம். அதனால் இன்னமும் தினமும் பார்க்கிறேன். இத்தனை வயதுவரை சும்மா நின்றறியாத உடம்பு என்னுடையது. நடக்கும், குனியும், தேய்க்கும், தூக்கும். இப்போது பாத்ரூம் வாசலில் ஒரு நிமிஷம் நிற்கிறது. ஒரு நிமிஷம் எவ்வளவு நீளம் என்று எனக்கு இதற்கு முன் தெரியாது. அதற்குள் ஸ்டெல்லா ஒரு பாட்டே பாடி முடித்துவிடுகிறாள்.

பார்க்கவேண்டிய நேரம் ஸ்டிரிப் டப்பாவுக்கு டப்பா மாறும் என்கிறார்கள். மருந்தின் பெயரையும் நான் பிசகாக எழுதியிருக்கலாம். இதைப் படிக்கும் டாக்டரோ நர்ஸோ ஒருமுறை சரிபார்த்துத் திருத்திக் கொடுங்கள். என்னை மாதிரி இன்னொருத்தி பஸ்ஸில் வீணாக அழவேண்டாம்.