காலண்டர் தாளில் ஒரு அரப்பு மரம்

பிறந்த வீட்டில் எனக்கென்று இருந்தது ஒரு அரப்பு மரம்தான். சூலூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணற்றடியில் தானாக முளைத்தது. அது சாண் உயரம் இருந்தபோது நான் எட்டாவது படித்தேன். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் பென்சிலால் அதை வரைந்து வைத்தேன். அதுவே பழக்கமாகிவிட்டது. சிங்காநல்லூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பிறகும், ஊருக்கு வரும்போதெல்லாம் ஒரு தாள் வரைவேன். தாளைப் புரட்டினால் தேதி இருக்கும். தனியாக எழுதுகிற வேலை மிச்சம்.

ஆடு கடித்து மொட்டையான வருஷம், முதல் பூ, கரண்ட் கம்பிக்கு இடைஞ்சல் என்று லைன்மேன் கிளையை வெட்டியது, வெட்டிய இடத்தில் இரண்டு மாதம் கழித்து விரல் நீளத்துக்குத் துளிர்த்தது என்று எல்லாமே படமாக இருந்தன.

“வந்ததும் மரத்துகிட்டப் போறே. அண்ணனெல்லாம் கண்ணுக்குத் தெரியறதில்லையா அம்மணி?” என்று அண்ணன் கேலி செய்வார். ஊருக்குக் கிளம்பும்போது அந்த மரத்து இலையை உலர்த்தி இடித்த அரப்புத்தூள் ஒரு பொட்டலம் கையில் கொடுப்பார். வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு வேறெதையும் நான் தலையில் வைத்ததில்லை.

அவர் கல்யாணத்தில் தங்கையாகப் பக்கத்தில் நின்று இணைச்சீர் செய்தவள் நான். கூடப் பிறந்தவளைக் கைவிடமாட்டேன் என்பதுதான் அந்தச் சீருக்கு அர்த்தம் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பெண்களுக்கும் சொத்தில் பங்கு உண்டு என்று சட்டம் வந்த பிறகு, தொண்ணூறுகளில் எங்கள் ஊர் அண்ணன் தம்பிகளுக்கெல்லாம் திடீரென்று அக்கா தங்கச்சி ஞாபகம் வந்துவிட்டது. விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்க வேண்டுமே! ஒரு சித்திரையில் என் அண்ணனும் வந்தார். பங்கு வேண்டாம், அந்த மரத்தை மட்டும் வெட்டக்கூடாது என்று கேட்டேன்.

“அது உன்ற மரம், கண்ணு. நானிருக்கற வரைக்கும் ஒருத்தனும் கை வெக்கமாட்டான்” என்றார்.

வைகாசியில் பத்திர ஆபீசுக்குப் போனேன். இந்தத் தடவை பொட்டலம் இல்லை. ஒரு மஞ்சப்பை நிறைய அரப்புத்தூள். “ஒரு வருசத்துக்கு வரும், அம்மணி” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். தோட்டத்துக்கு வந்து போகிறேன் என்றதற்கு, “இந்த வெயில்லயா? ஆடிக்கு வா, கண்ணு” என்று பஸ் ஏற்றிவிட்டார்.

ஆடிக்குப் போனேன். கிணற்றடியில் மரம் இல்லை. தறிக் கொட்டகைக்குச் சுவர் எழும்பியிருந்தது. சுவரோரம் அடிக்கட்டை மட்டும் இருந்தது.

“எப்பங்ண்ணா வெட்டுனீங்க?”

“பத்திரமெல்லாம் முடிஞ்சு, ஆனி மாசந்தான். தறி போட வேற எடமில்லை, அம்மணி. உன்கிட்டச் சொல்லலாம்னுதான் இருந்தேன்.”

அடிக்கட்டையைச் சுற்றித் துளிர்கள் நின்றன. என் இடுப்பு உயரம். இரண்டு மாதத்தில் விரல் நீளம் துளிர்க்கிற மரம், ஒரு மாதத்தில் இடுப்பு உயரம் எப்படி வளரும்? அண்ணனுக்கு அது தெரியாது. வருஷக்கணக்காக வரைந்தவளுக்குத் தெரியாமல் போகுமா? என்னிடம் சத்தியம் செய்தபோதே அங்கே மரம் இல்லை.

அப்போதுதான் அந்தப் பை நினைவுக்கு வந்தது. நிற்கிற மரத்தில் யார் அவ்வளவு இலை பறிப்பார்கள்? விழுந்த மரத்தை மொத்தமாக உருவி, உலர்த்தி, இடித்து, கையெழுத்துக்கு முன்னால் என் கையிலேயே கொடுத்திருக்கிறார். நானும் பாசம் என்று நினைத்து இரண்டு மாதமாக வெள்ளிக்கிழமை தவறாமல் தேய்த்துக் குளித்திருக்கிறேன். நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அது இதுதான்.

அண்ணி இலை போட்டிருந்தாள். சாப்பிடாமல் கிளம்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அன்றைய தாளைக் கிழித்தேன். ஆணியில் அந்த மஞ்சப்பை தொங்கியது, இன்னும் முக்கால்வாசி நிறைந்து. கடைசிப் படமாக அதைத்தான் வரைந்தேன்.