அக்கா பெரிதாக்கச் சொன்ன படம்

ஏலக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து பழைய போட்டோக்களை இனம் பிரிப்பதுதான் அவர் பிழைப்பு. கடையில் அவருக்குப் பெயர் பூதக்கண்ணாடி. லென்ஸுக்கு அடியில் காகிதத்தின் நார் தெரிந்தால், முட்டை வெள்ளைக்கரு பூசிய காலத்துப் படம். நார் தெரியாமல், கறுத்த இடங்களில் வெள்ளி பூத்திருந்தால் அதற்குப் பிந்தியது. வரிசை வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் போட்டோவே இல்லை, பத்திரிகையில் அச்சான படம். 'எங்க தாத்தா' என்று பொத்திப் பொத்திக் கொண்டுவந்த எத்தனையோ பேரிடம், "இது பேப்பர்ல வந்ததுங்க" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லித் திருப்பிக் கொடுத்திருக்கிறார். ஈவு இரக்கம் பார்த்தால் இந்த வேலைக்கு ஆகுமா?

அவர் பிறந்த அன்றே அம்மா போய்விட்டாள். அப்போது அக்காவும் நடை பழகிய குழந்தைதான். அப்பா சட்டம் போட்டு மாட்டிவைத்த படம்தான் இருவருக்கும் அம்மா. அப்பாவும் போன பிறகு அவரை ஆளாக்கியது அக்கா. இப்போது அவளுக்குக் கண் மங்கிக்கொண்டே வருகிறது, டாக்டர் கைவிரித்துவிட்டார்.

"முழுசா இருட்டறதுக்குள்ள அம்மாவ ஒரு தடவை நல்லா பாத்துக்கறேன்டா. பெருசாக்கிக் குடு."

கடைக்கு எடுத்துப்போய்ச் சட்டத்தைக் கழற்றினார். பழக்கதோஷத்தில் கை லென்ஸை எடுத்தது. புள்ளிகள். லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். நெற்றியிலும் கன்னத்திலும் அதே புள்ளிகள். பத்திரிகையில் வந்த எவளோ ஒருத்தி! அம்மா எங்கே என்று கேட்ட பிள்ளைகளுக்குக் காட்ட அப்பாவிடம் படம் ஏது? அப்பாமேல் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

பெரிதாக்கினால் புள்ளிகளும் பெரிதாகும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா?

"அசல் படந்தான்க்கா. ஆனா பெருசாக்கினா கெட்டுடும். இப்படியே இருக்கட்டும்."

"இவ்ளோ சின்னதா இருந்தா என் கண்ணுக்கு எங்கடா தெரியும்?" என்றாள் அக்கா. அவர் படத்தைப் பழையபடி சுவரில் மாட்டினார்.

அடுத்த வாரம் வேலை முடிந்து வந்தபோது, அக்கா கட்டிலில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு தெருமுனை ஸ்டுடியோவுக்கு அவளே போய்வந்திருக்கிறாள். மடி நிறைய அந்த முகம், மூக்கு உரசும் தூரத்தில்.

"ஏன்டா, அம்மாவுக்கு மூஞ்சி பூரா இவ்ளோ தழும்பா? அம்மை போட்டிருந்திருக்கும் போல. அப்பா ஒரு வார்த்தை சொல்லலியே. எப்படித் துடிச்சாளோ, பாவம்."

அக்காவின் கண்ணீர் படத்தின் மேலேயே சொட்டியது. அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஆமாக்கா," என்றார். "லென்ஸ்ல பாத்தப்பவே தெரிஞ்சுது. நீ தாங்கமாட்டேன்னுதான் சொல்லல."

"நீயும் தொட்டுப் பாருடா. நீ தொட்டதே இல்லியே அவள."

அக்கா அவர் கையை இழுத்து அந்தக் கன்னத்தின் மேல் வைத்தாள். அவர் எடுக்கவில்லை.