ராணிக்குப் போட்ட கோட்டு

மழைக்கோட்டு கொடியில் தொங்குகிறது. இன்னும் தண்ணீர் சொட்டுகிறது. அதைப் போட்டுக்கொண்டு தெருவுக்குப் போய்த் தொப்பலாக நனைந்து வந்த பிரவுனி, என் மகள் வளர்க்கும் நாய், என் காலடியில் நடுங்கிக்கொண்டு கிடக்கிறது. ஈரப் பருத்தியும் ஈர நாயும் சேர்ந்தால் ஒரு வாடை வரும் பாருங்கள், எந்தச் சோப்புக்கும் அது மசியாது. நனைந்த நாயின் படத்தை அனுப்பியிருந்தேன், கைபேசியில் மகளின் கேள்வி காத்திருக்கிறது: "யாருப்பா இத எடுத்தது?"

சென்னையில் மகள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் நாய் ஆகாது என்று சொல்லிவிட, அது விருதுநகரில் எங்களிடம் வந்து சேர்ந்தது. போன வாரம் மகள் மூன்று மழைக்கோட்டுப் படங்களை அனுப்பி, ஒன்றைத் தேர்ந்தெடுத்து வாங்கச் சொன்னாள். நாய்க்குச் சட்டை எடுக்கிற வயதா எனக்கு என்று அலுத்துக்கொண்டே பார்த்தேன். இரண்டு நைலான், ஒன்று பருத்தி. விரல் தானாகப் பருத்திக்குப் போய்விட்டது. மழைக்குப் பருத்தி எடுத்த மேதாவி இந்த ஊரிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அதற்குக் காரணம் பழைய வேலை. படிப்பு முடிந்த கையோடு ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில், கேட்டில் நின்று சோதனை பார்க்கும் வேலையில் சேர்ந்தேன். தீப்பெட்டி, பீடி, லைட்டர் இருக்கிறதா என்று பார்ப்பதோடு, உடுத்தியிருப்பது என்ன துணி என்றும் பார்க்க வேண்டும். நைலானும் பாலியெஸ்டரும் உள்ளே ஆகாது. உரசினால் பொறி கிளம்பும், பட்டாசு மருந்து பற்றிக்கொள்ள அது போதும். சந்தேகம் வந்தால் பெண்கள் முந்தானை நுனியை நீட்டுவார்கள். இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து, "போங்கக்கா" என்பேன். அந்த ஒரு சொல்லில் எனக்கு எவ்வளவு கர்வம்! பின்னாளில் பெண் பார்க்கப் போனபோதுகூட நான் முதலில் பார்த்தது சேலைத் துணியைத்தான். என் மனைவி இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

வெடிகளுக்குள் மருந்து செலுத்தும் அறை வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கும். அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும், உடம்பில் இருக்கிற மின்சாரம் மண்ணில் இறங்கிவிடும் என்பார்கள். அந்த அறையில் வேலை பார்த்த முத்துமாரியக்கா, தான் தொட்டதோடு நிற்காமல் ராணியின் முன்னங்காலையும் தூக்கி அதில் வைத்து எடுப்பார். ராணி கம்பெனி நாய். யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் அக்கா வேனைவிட்டு இறங்கியதும் பின்னாலேயே போய் அந்த அறைப் படியில் படுத்துக்கொள்ளும். அதை விரட்டுவதும் என் வேலைதான். விரட்ட மனசு வரவில்லை.

ஒரு புரட்டாசியில் ராணிக்கு முதுகில் சொறி வந்து புண்ணாகிவிட்டது. மாட்டாஸ்பத்திரியில் மருந்து கொடுத்து, மழையில் நனையவிடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்களாம். வேலை முடிந்து வேனுக்குக் காத்திருந்தபோது, அக்கா கேட்டருகே இரண்டு துணிகளை விரித்தார். ஒன்று மைதா வந்த பருத்திச் சாக்கு. மற்றது அவர் வீட்டுக்காரரின் பழைய நைலான் மழைக்கோட்டு.

"இதுல எத வெட்டித் தைக்கட்டும் தம்பி? நீங்கதான துணி பாக்கத் தெரிஞ்ச ஆளு."

தேய்த்துப் பார்த்தேன். அதே இரண்டு விரல்களால். "சாக்கு தண்ணியக் குடிக்கும்க்கா. நைலானையே தைங்க."

எனக்கு எப்படி உறைக்காமல் போனது? மனிதர் உடுத்தினால்தான் அது துணி என்று நினைத்திருந்தேன் போலிருக்கிறது. மறுநாள் ராணி நீலக் கோட்டோடு கேட்டைத் தாண்டியபோது எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

மத்தியானத்துக்கு முன்னால் போர்மேன் போட்ட சத்தம் கேட் வரைக்கும் வந்தது. "எல்லாரும் வெளிய வாங்க! மெதுவா, மெதுவா வாங்க!" ஓடிப்போய்ப் பார்த்தேன். புண் அரித்ததோ என்னவோ, ராணி கோட்டோடு முதுகை மருந்து அறையின் கதவு நிலையில் தேய்த்துக்கொண்டிருந்தது. உள்ளே நான்கு பெண்கள், அவர்கள் முன்னால் மருந்து. ஒன்றும் ஆகவில்லை. 

மேனேஜர் கேட்டதும், "நாந்தான் சார் தச்சுப் போட்டேன்" என்றார் அக்கா. என் பேச்சையே எடுக்கவில்லை. மேனேஜர் என் பக்கம் திரும்பினார்.

"கேட்ல நின்னு என்னத்தலே பாத்த?"

"நாய்தான சார்னு கவனிக்கல."

வேலை போய்விடும் என்ற பயம். வேறொன்றும் இல்லை. அக்காவை அன்றே நிறுத்திவிட்டார்கள், சீசன் நடுவில். இப்படி நிறுத்தப்பட்டவரை வேறு கம்பெனியிலும் லேசில் சேர்க்க மாட்டார்கள். கேட்டில் என்னைத் தாண்டும்போது நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ராணிய மட்டும் வெரட்டிராதீக தம்பி" என்றார்.

சாயங்காலமே நாயை விரட்டச் சொல்லி உத்தரவு வந்தது. விரட்டினேன். போகமாட்டேன் என்று நின்றது, கல்லெடுத்தேன்.

அக்கா சாத்தூரில் தீப்பெட்டி ஒட்டப் போவதாகக் கேள்விப்பட்டேன். சாத்தூர் என்ன கடல் கடந்தா இருக்கிறது? பஸ்ஸில் எத்தனையோ தடவை தாண்டிப் போயிருக்கிறேன், ஒரு தடவையும் இறங்கவில்லை. பல வருஷம் கழித்துத் துணிந்து அவர் ஊருக்கே போனேன். வீடு பூட்டிக் கிடந்தது. எங்கே போனார்கள் என்று பக்கத்து வீட்டுக்கும் தெரியவில்லை. மேனேஜர் காலமாகிவிட்டார். கம்பெனியையும் மூடிவிட்டார்கள். கேட் இருந்த இடத்தில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது, செம்புத் தகட்டை யாரோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அன்றைக்குச் சொல்லாத பதிலை இனிமேல் சொல்லலாம் என்றால், கேட்க ஆளில்லை.

கைபேசி அடிக்கிறது. மகள்தான்.

"என்னப்பா, பதிலே காணோம்? மழைக்குப் போய்ப் பருத்தி! யாரு எடுத்தது? அம்மாவா, நீங்களா?"

"நாந்தாம்மா. நாந்தான் எடுத்தேன்."

 மகள் சிரித்தாள்.

"சரி விடுங்கப்பா. வேற வாங்கிக்கலாம்."