துரைக்கு எந்த மாடி?

எங்கள் குடியிருப்பில் அப்போது கம்பிக் கதவு போட்ட பழைய லிஃப்ட். கிளம்பும்போது ஒரு முக்கல், நிற்கும்போது ஒரு முனகல். அந்தச் சத்தத்தைக் கேட்க இப்போது ஏக்கமாக இருக்கிறது.

அதை ஓட்டியவரை லிஃப்ட்காரர் என்றே எல்லாரும் சொல்வோம். காக்கிச் சட்டை, ஒரு முக்காலி, காலடியில் டீ ஃபிளாஸ்க். யார் எந்த மாடி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆனால் நாம் வாயைத் திறந்து சொல்லாதவரை பொத்தானைத் தொடமாட்டார்.

"தெரிஞ்சுகிட்டே ஏண்ணே கேக்குறீங்க?" என்றேன் ஒருமுறை.

"வீட்டுலயும் நான் ஒத்த ஆளு, இந்தப் பெட்டிக்குள்ளயும் ஒத்த ஆளு. ஆளுக்கு ஒரு வார்த்தை பேசிட்டுப் போனா குறைஞ்சா போயிடுவீங்க?"

நியாயம்தான். ஆனால் அப்போது நான் நியாயம் கேட்கிற நிலையில் இல்லை. மூன்று வயது நெருங்கியும் என் மகன் ஒரு வார்த்தை பேசவில்லை. காதில் கோளாறு இல்லை, பொறுத்திருங்கள் என்றார் டாக்டர். மழலையர் பள்ளி டீச்சரோ, "ஒண்ணுக்கு வருதுன்னாவது சொல்லணும்மா, அப்புறம் சேத்துக்கலாம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவனைச் சேர்த்தால்தான் நான் மறுபடி வேலைக்குப் போக முடியும். வீட்டிலோ அவன் கண்ணைக் காட்டினால் தண்ணீர், விரலை நீட்டினால் பிஸ்கட். பக்கத்து வீட்டுக்காரி அவனுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயரே வைத்துவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

லிஃப்ட்காரருக்கு அவன் 'துரை'. தினமும் குனிந்து, "துரைக்கு எந்த மாடி?" என்பார். அவன் அவர் சட்டைப் பொத்தானைத் திருகியபடி அவர் வாயையே பார்ப்பான். நான் "நாலு" என்பேன்.

ஒருநாள் கை கனக்கக் காய்கறிப் பையோடு நின்றேன். "நாலு" என்றதும், "நான் துரையத்தான் கேட்டேன்" என்று சிரித்தார்.

"ஊர்ல வேற பிள்ளையே இல்லையா? ஆளாளுக்கு என் பிள்ளையத்தான் நோண்டணுமா?"

அவர் முகம் வாடிப்போனது. நான் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு படியேறிவிட்டேன்.

அதன்பின் தினமும் படிதான். ரோஷம் எனக்கு, வலி என் முழங்காலுக்கு. ஒவ்வொரு தளத்திலும் அவன் லிஃப்ட் பக்கம் விரலை நீட்டுவான். அந்த விரலுக்கு மட்டும் நான் மசியவில்லை.

ஒரு மாலை நாங்கள் உள்ளே நுழையும்போது லிஃப்ட் மேலே கிளம்பிவிட்டது. கம்பிக்குப் பின்னால் முதலில் அவர் முகம் மறைந்தது, பிறகு காக்கிச் சட்டை. செருப்பு மட்டும் தெரிந்தபோது, என் கையை உதறிவிட்டு ஓடியவன் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"நாலு," என்றான். "தாத்தா, நாலு."

லிஃப்ட் நின்றது. உள்ளே இருந்தவர்கள் முணுமுணுக்க, கீழே இறங்கி வந்தது. "துரை கூப்பிட்டா வராம இருக்க முடியுமா?" என்று அவர்களைச் சமாதானப்படுத்தினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சிக்கு எந்த மாடி?"

"நாலுதாண்ணே," என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அப்புறம் அவன் வாய் ஓயவே இல்லை. பள்ளியில் சேர்ந்தான், நான் வேலைக்குப் போனேன். அவன் எண்ணப் படித்த வருடம், தானாக ஓடும் புது லிஃப்ட் வந்தது. அவரை அனுப்பிவிட முடிவானது. கடைசி நாளும் அவர் குனிந்து கேட்டார்.

"துரைக்கு எந்த மாடி?"

"நூறு," என்றான்.

எங்கள் கட்டடத்தில் மொத்தமே ஆறு மாடிதான். அவர் முக்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க துரை. போய்ச் சேர நேரமாகும்."