கோட்டைமலைக்குப் போன கூடை

தோட்டத்துக் கிராணிக்கு எழுத்து வேலை மட்டும்தான் என்று நினைப்பவர்கள், தொரை வீட்டுக்கு விருந்தாளி வந்த நாளில் என் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். மேலாளரின் சொந்தக்காரர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டி, அவர்கள் குடையையும் தூக்கி நடந்த பாவப்பட்ட ஜென்மங்களே, இது உங்களுக்குத்தான்.

மலாயாவில், சிரம்பானுக்குத் தெற்கே எங்கள் ரப்பர் தோட்டம். அதன் எல்லையில் கோட்டைமலை. உச்சியில் எந்தக் காலத்து ராஜாவோ கட்டிய ஊரின் மிச்சம் கிடந்தது: கொஞ்சம் கற்படி, இடிந்த மதில், தூர்ந்த கிணறு. அதை ஒட்டியே எங்கள் சனங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த மேட்டு லயமும் இருந்தது. அவசரகாலம் வந்ததும் ராணுவம் லயத்தைக் கொளுத்திவிட்டு, எல்லாரையும் கீழே முள்கம்பி வேலிக்குள் கொண்டுவந்து போட்டது. காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாதாம். ஒரு பிடி அரிசி வேலியைத் தாண்டினாலும் ஜெயில். மலையிலேயே தங்கிவிட்டவர் முனியாண்டி சாமி ஒருவர்தான்.

படையலுக்கு ஒரு பாஸ்

பால்மரம் சீவிப் பால் எடுக்கும் அஞ்சலை ஒரு நாள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். மகளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது. ஆடி மாசப் படையல் மூன்று வருஷமாக நின்றுபோனதுதான் காரணம் என்று அவளுக்குத் தீர்மானம். மலைக்குச் சோறு கொண்டுபோக அனுமதி வேண்டும். அழவில்லை, அழுதிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லி அனுப்பியிருப்பேன்.

போலீஸ் அதிகாரியிடம் போனேன். வெள்ளைக்காரர், சின்ன வயசு. இந்தச் சோற்றைச் சாப்பிடப் போவது யார் என்று கேட்டார். முனியாண்டி என்றேன். எங்கே குடியிருக்கிறார்? மலையில், மரத்தடியில். பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "காட்டில் தனியாக இருக்கிறார், ஜனங்களிடம் சோறு கேட்கிறார், அடையாளக் கார்டும் கிடையாது. இதற்குமேல் எனக்கு என்ன அத்தாட்சி வேண்டும்?"

வாசல் சோதனை

அந்த மாசமே தொரையின் மைத்துனர் சீமையிலிருந்து வந்து இறங்கினார். இடிபாடு என்றால் அவருக்கு உயிர். கோட்டைமலையைப் பார்த்தே தீர வேண்டும் என்றார். உடனே பாஸ் வந்தது. துப்பாக்கியோடு நான்கு ஸ்பெஷல் காண்ஸ்டபிள்களும் வந்தார்கள். ஒரு முழுக் கோழி, அவித்த முட்டை, ரொட்டி, ஒரு விஸ்கி பாட்டில் என்று கூடை நிறையச் சாப்பாடு. கூடை தூக்க ஆள் வேண்டும் என்றார் தொரை. அஞ்சலையின் பெயரை எழுதிக் கொடுத்தேன். என் உத்தியோகத்தில் நான் உருப்படியாக எழுதியது அது ஒன்றுதான்.

வேலி வாசலில் காவலுக்கு நின்றவன் எங்கள் லயத்துப் பையன் மாரி. அஞ்சலையின் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து மோந்து பார்த்தான். முந்தானை முடிச்சை அவிழ்க்கச் சொன்னான். தலையில் இருந்த கூடைக்கு மட்டும் சல்யூட் வைத்தான். "இதைப் பார்க்கலையாடா?" என்றேன். "காரமே இல்லாத சாப்பாடு லா, கிராணி ஐயா. காட்டுல இருக்கிறவனுக்கும் நாக்குன்னு ஒண்ணு இருக்குல்ல?"

ஆயிரம் வருஷம்

மைத்துனர் நிஜமான பழைய படிகளை மிதித்துக்கொண்டே ஏறிப்போனார், குனிந்துகூடப் பார்க்கவில்லை. நேரே எரிந்த லயத்தின் சிமெண்டுத் தரையில் மண்டியிட்டார். கரி பிடித்த அடுப்புக் கல்லைத் தடவி, ஆயிரம் வருஷம் இருக்கும் என்று கணித்தார். அது அஞ்சலை வீட்டு அடுப்பு. அவள் கூடையோடு பக்கத்தில்தான் நின்றாள். தொரைக்கு எல்லாம் தெரியும். அவர் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விருந்தாளி எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, நிஜமான வருத்தத்தோடு என்னிடம் கேட்டார்: "தண்ணீர், காற்று எல்லாம் இருக்கிற இந்த நல்ல இடத்தைவிட்டு அந்த மக்கள் ஏன் போனார்கள்?"

மிச்சம்

சாப்பிட்டு முடித்ததும் தொரையும் மைத்துனரும் மதில் பக்கம் நடந்தார்கள். அஞ்சலை மிச்சத்தை எடுத்தாள். முனியாண்டியின் சூலத்தடியில் இலை போட்டு, கோழித் துண்டு, முட்டை, ரொட்டி எல்லாம் வைத்து, விஸ்கியையும் ஊற்றினாள். காண்ஸ்டபிள் தலைவர் ஓடிவந்து, மலையில் ஒரு பருக்கை விட்டுப்போனாலும் கேஸ் என்றார். சத்தம் கேட்டு மைத்துனர் திரும்பி வந்தார். இந்த ஊர் மக்களின் சடங்கு என்றேன். எந்த ஊர் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மனுஷன் தொப்பியைக் கழற்றிவிட்டார்! அதன்பிறகு யார் வாயைத் திறப்பது?

சூடம் இல்லை, தீக்குச்சி கிழித்துக் காட்டிக் கும்பிட்டாள். பிறகு, படைத்ததை அங்கேயே பங்கு போட்டுச் சாப்பிடுவதுதானே எங்கள் வழக்கம்? நான்கு காண்ஸ்டபிள்களையும் வரிசையாக உட்கார வைத்துப் பரிமாறினாள். மலையில் ஒரு பருக்கை மிஞ்சவில்லை. சட்டமும் பிழைத்தது, சாமியும் பசியாறியது. என் கண் கலங்கிவிட்டது. அதில் பாதி வெட்கம்.

மகளுக்குக் காய்ச்சல் இறங்கியது. தன் மாத்திரையால்தான் என்றார் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர். மறுவாரம் விடியற்காலைப் பெரட்டில் வேலையாட்களைப் பேர் கூப்பிடும்போது அஞ்சலை என் மேசைக்கு வந்து குனிந்து சொன்னாள்: "அடுத்த வருசமும் அந்த மச்சான்தொரைய ஆடியிலயே வரச்சொல்லி எழுதுங்க ஐயா, நாள் தப்பக் கூடாது."

அவசரகாலத்தில் எங்கள் சாமி சாப்பிட வேண்டுமென்றால்கூட, முதலில் தொரைக்குப் பசிக்க வேண்டியிருந்தது.